ரெசிட்யூல இருந்து பேஸ் ஆயில்: சால்வென்ட் ரூட்டா, ஹைட்ரஜன் ரூட்டா?

ரிஃபைனரில கச்சா எண்ணெய (குரூட்) பிரிக்கற வேக்யூம் டவரோட அடியில தங்குற கருப்பு ரெசிட்யூவ, லூப்ரிகன்ட்டோட மூலப்பொருளான பேஸ் ஆயிலாக்க ரெண்டு வழி. சால்வென்ட் வச்சு வேண்டாதத பிரிச்சு எடுக்கறது ஒண்ணு, ஹைட்ரஜன் வச்சு மூலக்கூறையே மாத்தறது இன்னொண்ணு. சால்வென்ட் ரூட் செத்துப்போச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன்.

எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் மொதல் படி, திரவ புரொப்பேன் வச்சு தார் மாதிரி இருக்கறத பிரிக்கற புரொப்பேன் டீஅஸ்ஃபால்ட்டிங்தான், ஏன்னா ரெசிட்யூல இருக்கற நிக்கல், வனேடியம், அஸ்ஃபால்ட்டீன் எல்லாம் கேட்டலிஸ்ட்ட (வினையூக்கிய) சீக்கிரம் சாகடிச்சுடும். இதுல புரொப்பேனோட குணம் இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாதாரணமா சூடு ஏறினா கரைக்கற சக்தி கூடும்ல, திரவ புரொப்பேன் அதோட கிரிட்டிக்கல் பாயிண்ட் 96.7 டிகிரிய நெருங்க நெருங்க எண்ணெய கரைக்கற சக்திய இழந்துட்டே வரும், அதனால டவரோட மேல்பக்கத்த கொஞ்சம் சூடா வச்சா பிசின் மாதிரி இருக்கறது கீழ இறங்கிடும், சுத்தமான ஆயில் மட்டும் மேல வரும்.

அதுக்கப்புறம்தான் பாதை பிரியுது. சால்வென்ட் ரூட்ல ஃபர்ஃபியூரல் இல்லன்னா என்எம்பிங்கற சால்வென்ட் வச்சு, வளைய மூலக்கூறான அரோமேட்டிக்க கழுவி எடுத்து, எம்இகே-டொலுவீன் சால்வென்ட் கலவைல குளிர வச்சு வேக்ஸ ஃபில்டர் பண்ணுவாங்க. வர்றது குரூப் 1 (பேஸ் ஆயில் தர வரிசைல அடிப்படை வகை) பிரைட் ஸ்டாக்ங்கற கெட்டி பேஸ் ஆயில், 100 டிகிரில விஸ்காசிட்டி (கெட்டித்தன்மை) சுமார் 30 சென்டிஸ்டோக்ஸ். அடிட்டிவ் நல்லா கரையும், மைக்ரோகிரிஸ்டலின் வேக்ஸும் தனியா விலை போகும். ஆனா குரூட்ல இருக்கற நல்லத மட்டும்தான் எடுக்க முடியும், இல்லாதத உருவாக்க முடியாது, அதனால நல்ல குரூடா தேடிப் போகணும். சால்வென்ட்ட திரும்ப மீட்க எரிபொருளும் எக்கச்சக்கமா போகும்.

ஹைட்ரஜன் ரூட் இங்கதான் ஜெயிக்குது. 100 பாருக்கு மேல அழுத்தத்துல அரோமேட்டிக் வளையங்கள நிரப்பி, உடைச்சுத் திறந்து, சல்ஃபர 0.03 சதவீதத்துக்குக் கீழ கொண்டுவந்து, சாச்சுரேட்ஸ (ஹைட்ரஜன் நிரம்பின மூலக்கூறுகள) 90 சதவீதத்துக்கு மேல ஏத்திடும், அதான் குரூப் 2. சூடு ஏறினாலும் விஸ்காசிட்டி எவ்வளவு மாறாம நிக்குதுன்னு காட்டற விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 120 தொட்டா குரூப் 3. குரூட் சுமாரா இருந்தாலும் சமாளிக்கும்.

ஆனா மூலக்கூற உடைச்சா விஸ்காசிட்டியும் சேர்ந்து உடையுது, கெட்டியா உள்ள போனது தண்ணியா வெளிய வருது. இன்னொரு பிரச்சன ஹேஸ், அதாவது மங்கல். வேக்ஸ கேட்டலிஸ்ட் வச்சு மாத்தற கேட்டலிட்டிக் டீவேக்ஸிங்ல, ஜியோலைட் கேட்டலிஸ்ட்டோட துளை ரொம்பச் சின்னது, ரெசிட்யூ வேக்ஸ்ல கிளையும் வளையமும் உள்ள பெரிய மூலக்கூறெல்லாம் உள்ள நுழையாம தப்பிச்சுடும், போர் பாயிண்ட் (எண்ணெய் ஓடற குறைஞ்சபட்ச வெப்பநிலை) பாஸ் ஆகும், ஆனா கொஞ்ச நாள் வச்சுப் பாத்தா எண்ணெய் மங்கலாயிடும்.

2020-ல கப்பல் எரிபொருள் சல்ஃபர் வரம்பு 3.5-ல இருந்து 0.5 சதவீதமா இறங்குனதும், கப்பல் எரிபொருளாப் போய்ட்டிருந்த ரெசிட்யூவுக்கு வேற வழி தேடறது இன்னும் அவசரமாச்சு. இப்ப சிங்கப்பூர்ல எக்ஸான்மொபில் அடிமட்ட எண்ணெய்ல இருந்தே கெட்டியான குரூப் 2 எடுக்குது, அது உண்மையிலேயே பெரிய வேலை.

என்னோட கணக்கு இதுதான்: இன்ஜின் ஆயிலுக்குன்னா யோசிக்காம ஹைட்ரஜன், கியர் ஆயில், கிரீஸ், மரைன் சிலிண்டர் ஆயிலுக்கு இன்னும் சால்வென்ட் பிரைட் ஸ்டாக். ரெண்டையும் கலந்து, ஃபர்ஃபியூரல்ல லேசா கழுவுன ராஃபினேட்ட (கழுவுனப்புறம் மிஞ்சற எண்ணெய) ஹைட்ரஜன்ல ஹைட்ரோட்ரீட் பண்றது இருக்கறதுலயே சமயோசிதமான வழி. ஹைட்ரஜன் ரூட் ஹெவி கிரேட் வாங்குறதா இருந்தா போர் பாயிண்ட் நம்பர மட்டும் பாத்து கையெழுத்து போட்றாதீங்க, சாம்பிள 0 டிகிரில ஒரு வாரம் அசையாம வச்சு, வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சுப் பாருங்க.