ஒரே அறையிலா, தபால் அட்டையிலா? தோழிகளைப் பற்றி இரண்டு பிரெஞ்சுப் படங்கள்

பட்டணத்துப் பெண்ணுக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் நடுவே முளைக்கும் நட்பைப் பற்றி நல்ல பிரெஞ்சுப் படம் ஒன்று சொல்லு என்று யாராவது கேட்டால், எனக்கு இரண்டு பெயர்கள் ஒன்றாக நாக்கில் வந்து நிற்கும். ஒன்று, எரிக் ரோமர் எடுத்து 1987-இல் வெளிவந்த 'ரெனெத், மிராபெல்: நான்கு சாகசங்கள்'. இன்னொன்று, அதற்குப் பத்து வருடம் முன்னால், 1977-இல், ஆன்யேஸ் வர்தா எடுத்த 'ஒருத்தி பாடுகிறாள், மற்றவள் பாடுவதில்லை'. ஒரே இரவில் இரண்டையும் பார்க்க முடியாது. ரோமர் படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், வர்தா படம் முழுதாக இரண்டு மணி நேரம். அப்படியானால் எது முதலில்?

கதையைத் தொடாமல் இதைப் பேச முடியாது. இரண்டிலும் திருப்பம் என்று மறைத்து வைக்க அதிகம் இல்லை என்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

ரோமர் படத்தின் பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. ரெனெத் என்பது பிரான்சில் ஒரு வகை ஆப்பிள், மிராபெல் என்பது லொரேன் பக்கத்தில் விளையும் சின்ன மஞ்சள் பிளம்ஸ். வர்தா படத்திலும் பாடுகிற பெண்ணின் பட்டப்பெயர் போம். அதற்கும் ஆப்பிள் என்றுதான் அர்த்தம். பழக்கடை ஒற்றுமை அத்தோடு முடிந்துவிடுகிறது. மற்றபடி இரண்டும் எதிரெதிர் திசையில் போகிற படங்கள்.

ரோமர் படம் ஒரு பஞ்சரில் தொடங்குகிறது. பாரிஸில் இனவரைவியல் படிக்கும் மிராபெல் கிராமத்துச் சாலையில் சைக்கிளில் வருகிறாள். டயரில் காற்று இறங்கிவிடுகிறது. அவளுக்கு ஒட்டுப்போடத் தெரியாது. எதிரே வருகிற ரெனெத்துக்குத் தெரியும். டியூபை உருவி, தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து, ஒட்டி முடிக்கிறாள். வேகமாகக் காட்டிவிட்டுக் கதைக்குள் போகலாம் என்ற அவசரமே ரோமருக்கு இல்லை, ஏனென்றால் அவருக்கு அதுதான் கதை. ஒருத்தி செய்கிறாள், இன்னொருத்தி பார்க்கிறாள், கேள்வி கேட்கிறாள். ஒட்டு முடிவதற்குள் இருவரும் தோழிகளாகிவிடுகிறார்கள்.

அப்புறம் வருகிறது நீலப் பொழுது. ரெனெத் சொல்லும் கணக்கு இது: விடியலுக்குச் சற்று முன்னால், இரவுப் பறவைகள் அடங்கி, பகல் பறவைகள் இன்னும் வாய் திறக்காத ஒரு நிமிடம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடம்தான் இயற்கையில் முழு மௌனம். தமிழில் நமக்கு வைகறை, கருக்கல் என்று சொற்கள் உண்டு. ஆனால் அவை வெளிச்சத்தைக் குறிக்கிற சொற்கள், ரெனெத் பேசுவது காதால் கேட்கிற ஒன்றைப் பற்றி. முதல் நாள் இருவரும் எழுந்து தோட்டத்தில் காத்து நிற்கிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு வண்டிச் சத்தம் வந்து கெடுத்துவிடுகிறது. ரெனெத் அழுதுகொண்டே ஓடுகிறாள். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று நமக்குத் தோன்றும், மிராபெல்லுக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் வாதம் செய்வதில்லை. இன்னொரு நாள் தங்குகிறேன் என்கிறாள். இந்த ஒரு முடிவில் நட்பைக் காட்டிவிடுகிறார் ரோமர்.

வர்தாவின் தொடக்கம் இப்படி லேசானது இல்லை. 1962, பாரிஸ். பதினேழு வயதுப் பள்ளி மாணவி போலீன், அதாவது போம், தனக்குப் பழைய பழக்கமான சூசானை மறுபடி சந்திக்கிறாள். சூசானுக்கு இருபத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். குழந்தைகளின் தகப்பன் ஒரு புகைப்படக்காரன். வேறொருத்தியோடு ஏற்கெனவே கல்யாணமானவன், பணமும் இல்லாதவன். அன்றைய பிரான்சில் கருக்கலைப்பு குற்றம். பெற்றோரிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கி வந்து சூசானிடம் கொடுக்கிறாள் போம். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அந்தப் புகைப்படக்காரன் தன் ஸ்டூடியோவிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறான். சூசான் குழந்தைகளோடு பெற்றோரின் பண்ணைக்குப் போகிறாள், போம் பாட்டுக்குப் போகிறாள். இருவரும் மறுபடி முகம் பார்க்கப் பத்து வருடம் ஆகிறது.

அந்தச் சந்திப்பு நடக்கும் இடம் முக்கியம். 1972-இல் பாரிஸை ஒட்டிய பொபிஞியில், கருக்கலைப்பு செய்துகொண்ட பதினாறு வயதுப் பெண் மேலும், அவளுக்கு உதவிய தாய் மேலும் வழக்கு நடந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே பெண்கள் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தில்தான் போமும் சூசானும் மறுபடி சந்திக்கிறார்கள். வழக்கை வாதாடிய ஜிஸேல் அலிமி படத்தில் அலிமியாகவே நடித்திருக்கிறார். வர்தாவுக்கு இது இரவல் கதை கிடையாது. நாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று 1971-இல் 343 பெண்கள் கையெழுத்திட்டு வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயரும் இருந்தது. 1975-இல் கருக்கலைப்பை அனுமதித்து அமைச்சர் சிமோன் வேய் கொண்டுவந்த சட்டம் அமலானது. அதன் ஈரம் காய்வதற்குள் எடுத்த படம் இது.

இப்போது ஒப்பீட்டில் எனக்கு மிகவும் சுவையான இடத்துக்கு வருகிறேன். ரெனெத், சூசான் இருவரில் யார் உண்மையில் கிராமத்துப் பெண்?

ரெனெத் என்று உடனே சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கவனித்துப் பார்த்தால், ரெனெத் மண்ணில் வேலை செய்து பிழைப்பவள் அல்ல. ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் தனியாகத் தங்கிப் படம் வரைகிறவள், அவ்வளவுதான். கிராமம் அவளுக்கு ஓர் ஓவியக்கூடம். உண்மையான விவசாயிகள் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தை ரோமர் அப்படியே கொண்டுவந்து கேமரா முன் நிறுத்தியிருக்கிறார். அவர்கள் தோட்டத்தையும் கால்நடைகளையும் மிராபெல்லுக்குச் சுற்றிக் காட்டும் பகுதி ஏறக்குறைய ஆவணப்படம் மாதிரியே இருக்கிறது. அங்கே ரெனெத்தும் ஒரு விருந்தாளிதான்.

வர்தாவின் சூசானோ பண்ணை வீட்டிலேயே பிறந்தவள். சுவாசோன் பக்கத்தில் இருக்கிற அந்த வீடு அவளுக்கு அழகாக எதையும் கொடுப்பதில்லை. கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளைகளோடு வந்து நிற்கும் மகளைப் பெற்றோர் பாரமாகத்தான் பார்க்கிறார்கள். குளிரில் விரல் விறைக்கக் கொட்டகையில் உட்கார்ந்து தட்டச்சு பழகுகிறாள். எழுத்து எழுத்தாகத் தட்டித்தான் அந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். கடைசியில் தெற்கே இயேருக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு மையத்தில் வேலைக்குச் சேர்கிறாள். கிராமம் என்றால் மௌனமும் பறவையும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கொட்டகைக் காட்சி ஒரு குட்டு. இந்த விஷயத்தில் வர்தாவுக்குத்தான் என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் நட்பு என்று வரும்போது தராசு சாய்ந்துவிடுகிறது.

வர்தாவின் தோழிகள் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதே இல்லை. தபால் அட்டைகள் போய் வருகின்றன. போம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து எழுதுகிறாள், ஈரானிலிருந்து எழுதுகிறாள். சூசான் தெற்கிலிருந்து எழுதுகிறாள். வர்தாவே பின்னணியில் குரல் கொடுத்துக் கதையை நகர்த்துகிறார். பக்கத்தில் இல்லாமலே ஒருத்தி மேல் ஒருத்தி வைத்திருக்கிற நினைப்பு என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நட்பு உரசுவதே இல்லை. இரண்டு மணி நேரத்தில் இவர்கள் ஒருமுறையாவது நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். ஒரு சமையலறையில் ஒரு வாரம் சேர்ந்து இருந்தால் இந்த நட்பு என்ன ஆகும் என்று படம் சோதித்துப் பார்ப்பதில்லை. ஈரான் பகுதியும் அழகான தபால் அட்டையாகவே நின்றுவிடுகிறது. ஈரானியக் கணவனின் ஊருக்குப் போன பிறகுதான் போமுக்கு அவன் வேறு ஆளாகத் தெரிகிறான் என்கிற விஷயம் கூர்மையானது, ஆனால் அதற்குள் பாட்டு வந்துவிடுகிறது. பாடல் வரிகள் வர்தா எழுதியவை. சில பாடல்கள் துள்ளலாக இருக்கின்றன. சில பாடல்களில் துண்டுப்பிரசுரத்துக்கு மெட்டுப் போட்ட மாதிரி ஒரு வாடை.

ரோமரோ இருவரையும் பாரிஸில் ஒரே வீட்டில் அடைத்துவிடுகிறார். இரண்டாம் சாகசத்திலிருந்து ரெனெத் ஓவியக் கல்லூரிக்காக நகரத்துக்கு வந்து மிராபெல்லோடு தங்குகிறாள். அங்கிருந்து படம் முழுக்க வழக்காடல்தான். ரெனெத் ஒரு காபிக் கடையைத் தேடி மோன்பர்னாஸ் பக்கம் நடக்கிறாள். வழி கேட்டால், பதில் சொல்ல வந்த ஆளும் குறுக்கே வந்த இன்னொரு ஆளும் அவளை மறந்துவிட்டு வழிக்காகத் தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள். கடையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு 200 பிராங்க் நோட்டை நீட்டினால், சில்லறை கொண்டுவந்தால்தான் ஆச்சு என்று பரிமாறுகிறவர் முரண்டு பிடிக்கிறார். நீ ஓடிவிடுவாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். மிராபெல் வந்து சேர்கிறாள், அவளிடம் இருப்பது 500 பிராங்க் நோட்டு! இருவரும் எழுந்து ஓட்டம் பிடிக்கிறார்கள். மிராபெல்லுக்கு அது ஒரு சிரிப்பு. ரெனெத்துக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காசை எண்ணி எடுத்துக்கொண்டு போனால், அந்த ஆள் அங்கே இல்லை, ஒரு நாள் மாற்றுக்கு வந்தவராம். கடையில் யாருக்கும் அந்தப் பாக்கி பற்றிக் கவலையும் இல்லை.

கவனியுங்கள், கிராமத்துப் பெண் வெகுளி, நகரத்துப் பெண் சாமர்த்தியசாலி என்கிற நமக்குப் பழகிய கணக்கு இங்கே செல்லாது. ரெனெத்திடம் இருப்பது வெகுளித்தனம் இல்லை, ஒரு சட்டப் புத்தகம். பிச்சை கேட்டால் போட வேண்டும், கடன் என்றால் அடைக்க வேண்டும், திருட்டு என்றால் திருட்டு. மிராபெல்லுக்கு ஒவ்வொரு நாளும் புதுத் தீர்ப்பு. பல்பொருள் அங்காடியில் ஒரு பெண் திருடுவதைக் கடைக் காவலர்கள் நோட்டம் விடுவதைப் பார்த்து, அவளைக் காப்பாற்றத் திருட்டுப் பையைத் தானே எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறாள். அந்தப் பெண் போய்விட, சால்மனும் ஷாம்பெயினும் இருந்த பை மிராபெல் கையிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் அதை வைத்து நடக்கும் விவாதம் இருக்கிறதே, அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த யாருக்கும் அது புரியும். இருவருமே சரி, இருவருமே எரிச்சலூட்டுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ரெனெத்தாக வரும் ஜொயேல் மிக்கேலின் குரல் அரை மணி நேரத்துக்கு மேல் சிலருக்குத் தாங்காது. எனக்கே மூன்றாம் சாகசத்தில் கொஞ்சம் அலுத்தது. ஜெசிக்கா ஃபோர்ட் அடக்கி நடித்த மிராபெல்தான் படத்தைத் தாங்குகிறாள் என்பது என் எண்ணம். 16 மி.மீ. கேமராவில் சின்னக் குழுவோடு எடுத்ததால் பளபளப்பை எதிர்பார்க்க வேண்டாம். ரோமருக்கு அதற்கு முந்தைய வருடம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கித் தந்த 'பச்சைக் கதிர்' படத்துக்கும் இதே சோஃபி மெந்தின்யோதான் ஒளிப்பதிவு. அந்தப் படத்தில் சூரியன் மறையும்போது ஒரு கணம், இதில் சூரியன் வருவதற்கு முன் ஒரு நிமிடம். இந்த மனுஷனுக்கு இந்த மாதிரி நேரங்கள் மேல் ஒரு பித்து!

கடைசிச் சாகசம்தான் முடிவைத் தீர்த்துவைத்தது. மௌனத்தின் அருமையைப் பற்றி ரெனெத் ஓயாமல் பேசுகிறாள். முடிந்தால் ஒரு நாள் பேசாமல் இரு பார்க்கலாம் என்று மிராபெல் சீண்டுகிறாள். பந்தயம் ஏற்ற நாளிலேயே, வாடகைக்காக ஓவியம் விற்க ஒரு காட்சியகக்காரரைப் பார்க்கப் போக வேண்டி வருகிறது. சொன்ன சொல் சொல்தானே, ரெனெத் வாயைத் திறப்பதில்லை. எதிரே காட்சியகக்காரராக நடிகர் ஃபாப்ரிஸ் லுக்கினி, வாயை மூடுவதே இல்லை. மிராபெல் யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, சரியான நேரத்தில் புகுந்து, பேச முடியாத ஒரு பெண்ணையா ஏய்க்கிறீர்கள் என்று அந்த மனிதரைக் குறுக்கிப் பணத்தைக் கொடுக்க வைக்கிறாள். பேசக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பவள் ஒருத்தி, அந்தச் சட்டம் உடையாமல் அவளுக்காகப் பேசிவிடுகிறவள் ஒருத்தி. பொய்யும் ஒருத்திக்கு, உண்மையும் ஒருத்திக்கு என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வர்தா படத்தில் போம் சூசானுக்குக் கொடுத்த பணம் இதைவிடப் பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வந்தது. இதைப் பார்த்து இவர்களோடு போய் உட்கார வேண்டும் போல் இருந்தது.

ஆக, முதலில் ரோமர். வீட்டில் எல்லோரும் இருக்கும்போதும் தாராளமாகப் போடலாம். வர்தா படத்தில் தற்கொலையும் நிர்வாணப் புகைப்படங்களும் வருவதால், அதைப் பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது, பேசிக்கொள்ள நேரம் உள்ள ஒரு நாளில் பாருங்கள். அதன் கடைசிக் காட்சியில், 1976 கோடையில் எல்லோரும் நீர்க்கரையில் கூடியிருக்க, சூசானின் வளர்ந்த மகளாக வருவது வர்தாவின் சொந்த மகள் ரோஸலிதான். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சிக்கு வேறு கனம் வருகிறது.

ரோமர் படத்துக்கு ஒரே ஒரு ஏற்பாடு வேண்டும். நீலப் பொழுது வரும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். முதல் தடவை நான் நிறுத்தவில்லை, அந்த மௌனம் முழுக்க என் தலைக்கு மேல் கடகடவென்று போய்விட்டது. பின்னோக்கி நகர்த்தி, ஃபேனை அணைத்து, வியர்க்க வியர்க்க இன்னொரு முறை பார்த்தேன்.