திருகோணமலை ஆஸ்பத்திரித் துண்டில் இல்லாத நாலு வரி

"துண்டு வெட்டியாச்சு, மத்தியானத்துக்கு முன்னம் கட்டிலை விட வேணும்" என்று, வீட்டுக்குப் போகலாம் என்ற அர்த்தத்தில், வார்ட்டில் சொல்லிவிட்டார்கள். மச்சாளின் கையில் கொடுத்த கார்டில் சத்திரசிகிச்சை பற்றி இருந்தது ஒரேயொரு வரி: லப்பரோட்டமி செய்யப்பட்டது, இரண்டு கிழமையில் கிளினிக். குடல்வால் வெடித்து, சீழ் வயிறெல்லாம் பரவி, தொப்புளுக்கு மேலும் கீழுமாக வெட்டித் திறந்து கழுவிய சத்திரசிகிச்சைக்கு அவ்வளவுதான் எழுத்து. திருகோணமலையில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே நிற்கிற மிஸ்மார் (தாதிமார்) கால் நோக நிற்கிறவர்கள், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் வந்தாலும் முகம் சுளிக்காதவர்கள். ஆனால் அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

லண்டனில் இப்படி ஒரு சத்திரசிகிச்சை முடிந்தால் குடும்ப வைத்தியருக்கு ஒரு பிரதி போகும், நோயாளியின் கையில் ஒரு பிரதி இருக்கும். எங்கே வெட்டினார்கள், உள்ளே என்ன கண்டார்கள், எதை எடுத்தார்கள், எப்படித் தைத்தார்கள் என்று அதில் இருக்கும். வயிறு திறந்த ஒருவருக்கு அந்தக் காகிதம் வாழ்நாள் முழுக்கத் தேவை. காரணம் குடல் ஒட்டு, அதாவது குடல் இன்னொரு குடலோடோ வயிற்றுச் சுவரோடோ நாரால் ஒட்டிக்கொள்வது.

வயிற்றின் உள்ளே பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை குடலையும் வயிற்றுச் சுவரையும் மூடியிருக்கிறது. கை பட்டாலும், காய்ந்தாலும், சுட்டாலும், சீழ் பட்டாலும் அதன் மேற்பரப்பு உரிந்துவிடும். சில மணித்தியாலத்துக்குள் அந்த இடத்தில் பசை போல பைப்ரின் படியும். உடம்பு அதைத் தானே கரைத்துவிட்டால் உறை 5 முதல் 7 நாளில் புதிதாக மூடிக்கொள்ளும். இரத்த ஓட்டம் குறைந்த இடத்திலும் சீழ் பட்ட இடத்திலும் கரைக்கிற அந்தச் சக்தி மங்கிப் போகிறது. மூன்றாம் நாளளவில் நார்க்கலங்கள் புகுந்து கொலாஜின் என்ற நார்ப்புரதத்தை இட ஆரம்பித்தால் பசை நாராகிறது, நாருக்குள் இரத்தக்குழாய் வருகிறது, பிறகு அது அப்படியே நிலைத்துவிடும். 1999இல் லான்செட் இதழில் வந்த ஸ்கொட்லாந்து ஆய்வில், வயிற்றையோ இடுப்புப் பகுதியையோ திறந்து சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அடுத்த 10 வருடத்துக்குள், ஒட்டோடு தொடர்பிருக்கக்கூடிய காரணத்துக்காகவோ ஒட்டினால் சிக்கலாகக்கூடிய இன்னொரு சத்திரசிகிச்சைக்காகவோ, சராசரியாக இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

ஆகவே தடுப்பு வேலையின் பெரும்பங்கு சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. குடலை உலர்ந்த துணியால் பிடிக்கக்கூடாது. சேலைனில் நனைத்த துணியால் மூடி வைக்க வேண்டும், ஏனென்றால் உலர்ந்த துணி உறையை உரிக்கும், பஞ்சு நூலையும் உள்ளே விட்டுவிடும். இரத்தம் தேங்க விடக்கூடாது. இரத்தத்தை நிறுத்தச் சுடுகிற காட்டரிக் கருவியால் தேவைக்கு மேல் சுடக்கூடாது. நூல் மெல்லியதாக இருக்க வேண்டும், இறுக்கிக் கட்டி இழையத்தைச் சாகடிக்கக்கூடாது. கையுறையில் பவுடர் இருக்கக்கூடாது. கையுறையின் மாப்பவுடர் வயிற்றுக்குள் விழுந்தால் அதைச் சுற்றியே ஒட்டு வளரும், பவுடர் கையுறையை அமெரிக்காவில் 2017இல் தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிறு துளைகளால் கமரா விட்டுச் செய்கிற லப்பரோஸ்கோப்பியில் வெட்டும் கை படுவதும் குறைவு என்பதால் ஒட்டும் குறைவாகவே வருகிறது, முற்றாக இல்லாமல் போவதில்லை.

"வெளிநாட்டில ஒரு சவ்வு வைச்சு ஒட்டாமல் பண்ணுறாங்களாமே, இங்க ஏன் இல்லை?" என்று வார்ட்டுக்கு வெளியே ஒருவர் கேட்டார். வெளிநாட்டில் அப்படி மூன்று பொருள் இருக்கிறது. ஹயலுரோனிக் அமிலமும் செல்லுலோசும் சேர்ந்த செப்ராஃபில்ம் தாள் ஒன்று. ஓரிரண்டு நாளில் ஜெல்லாகி, ஏழு நாளளவில் இடத்தை விட்டுப் போய்விடும். ஈரக் கையில் ஒட்டிக் கிழியும், குடலை வெட்டி இணைத்த தையலைச் சுற்றி வைத்தால் கசிவு வரும் அபாயம் உண்டு. இன்டர்சீட் என்ற செல்லுலோஸ் துணி இன்னொன்று. இரத்தம் பட்டுக் கறுத்தால் அது பயனற்றுப் போய், ஒட்டையே கூட்டிவிடக் கூடும். மூன்றாவது அடெப்ட், 4 சதவீத ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசல். லப்பரோஸ்கோப்பியில் இடையிடையே அதால் கழுவி, முடிவில் ஒரு லீற்றரை உள்ளே விட்டு மூடுவார்கள். இது நீரிழிவுக்காரர் கவனிக்க வேண்டிய விடயம்: சில வகை குளுக்கோஸ் ஸ்ட்ரிப் ஐகோடெக்ஸ்ட்ரினைச் சீனியாகக் கணக்கெடுத்துப் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சீனி ஆபத்தாக விழும். சீழ் இருக்கிற வயிற்றில் ஐகோடெக்ஸ்ட்ரின் விடவே கூடாது. மச்சாளுக்கு அது வைக்கப்படாததில் குறை ஒன்றும் இல்லை, அவருக்குச் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறார்கள். குறை காகிதத்தில்தான்.

கேட்க வேண்டியது நாலு வரி. வெட்டு எங்கே, எவ்வளவு நீளம். உள்ளே சீழ் எங்கெங்கே இருந்தது, பழைய ஒட்டு ஏதும் தெரிந்ததா. குடலில் எதையாவது வெட்டி இணைத்தார்களா. உள்ளே எதையாவது விட்டிருக்கிறார்களா, வலையோ சவ்வோ. இனி ஒரு நாள் பித்தப்பைக்கோ கர்ப்பப்பைக்கோ லப்பரோஸ்கோப்பி செய்ய வந்தால், சத்திரசிகிச்சை நிபுணர் முதல் ஊசியைத் தொப்புளால் விடுவதா வேறு இடத்தால் விடுவதா என்று இதை வைத்துத்தான் முடிவெடுப்பார். நடுவெட்டுத் தழும்பின் கீழே குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் இடது விலா ஓரத்துக்கு 3 சென்ரிமீற்றர் கீழே, பால்மர் புள்ளி என்கிற இடத்தால் நுழைவார்கள். தகவல் இல்லாமல் நேரே விட்டால் குடலில் ஓட்டை விழக்கூடும். பிள்ளை பெற வெட்டியவர்களுக்கும் இதே நாலு வரி தேவை.

கோபத்தோடு கேட்கப் போன இடத்தில் எதிர்பாராதது நடந்தது. வார்ட்டில் இருந்த இளம் டொக்டர் கோபிக்கவில்லை. "அன்ரி, இருங்கோ" என்று மச்சாளைக் கதிரையில் இருத்திவிட்டு, கட்டில் டிக்கெட்டை (நோயாளியின் வார்ட் குறிப்பேட்டை) புரட்டித் தியேட்டர் குறிப்பைக் கிளினிக் கொப்பியில் தன் கையால் எழுதித் தந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. லண்டனில் கையில் தந்த பிரதியைத் தொலைத்துவிட்டுப் பிறகு கேட்டால், ஒரு படிவம் நிரப்பிக் கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கேட்டால் இங்கே கிடைக்கிறது. கேட்கத் தெரியாத நூறு பேர் வெறும் வரியோடு மூதூருக்கும் புல்மோட்டைக்கும் பஸ் ஏறுகிறார்களே என்பதுதான் ஆற்றாமை.

வீட்டில் சொல்லப்படுகிற வைத்தியங்கள் வேறு. வயிறு உருவினால் ஒட்டு விடும், கன்னியா வெந்நீரில் ஏழு கிணற்றிலும் குளித்தால் உள்தழும்பு கரையும், வயிற்றை இறுக்கிக் கட்டினால் ஒட்டாது என்று மூன்று அன்ரிமார் மூன்று விதமாகச் சொன்னார்கள். அந்தப் பாசத்துக்கு ஏங்கித்தானே ஊருக்கு வருகிறோம். ஆனாலும் கொலாஜின் நார் சுடுநீரில் கரையாது. புதுத் தையல் மேல் உருவினால் தையல்தான் விடும். கட்டுத் துணி இருமும்போது நோவைக் குறைக்கும், அவ்வளவே. முதல் நாளே எழும்பி நடப்பது நுரையீரலுக்கும் காலில் இரத்தம் கட்டாமல் இருப்பதற்கும் கட்டாயம் தேவை, ஒட்டைத் தடுக்கும் என்பதற்கு மட்டும் நிரூபணம் இல்லை. பத்தியக் கறியால் கெடுதி இல்லை. பிறகு எப்போதாவது சாப்பிட்டதும் வயிறு முறுக்கி, உப்பி, தானாக விடுகிற மாதிரி வந்துபோனால் பனங்கிழங்கு, பலாச்சுளை, முருங்கைக்காய்ச் சக்கை, தோடம்பழச் சக்கை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஒடுங்கின இடத்தில் நார் போய் அடைக்கும்.

ஒட்டு குடலை அடைத்துவிடவும் கூடும். விட்டு விட்டு முறுக்கும் நோ, சத்தி (வாந்தி), வயிறு உப்புதல், காற்றும் மலமும் போகாமல் நிற்றல், இந்த நாலும் சேர்ந்தால் சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆற்றைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் கிண்ணியாப் பாலத்தோடு போய்விட்டது, விடியட்டும் என்று பார்த்திருக்கக் காரணம் இல்லை. நோ விடாமல் ஒரே சீராக நின்று, காய்ச்சலும் வேகமான நாடியும் சேர்ந்தால் குடலுக்கு இரத்தம் நின்றிருக்கலாம், அது தாமதிக்காமல் தியேட்டருக்குப் போக வேண்டிய நிலை. அப்படி இல்லாதவர்களுக்கு மூக்கால் குழாய் விட்டு இரைப்பையை வெறுமையாக்கி, இரத்தநாளத்தால் சேலைன் ஏற்றி, பிறகு எக்ஸ்ரேயில் தெரிகிற காஸ்ட்ரோகிராஃபின் மருந்து ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் கொடுத்து 24 மணித்தியாலத்துக்குள் எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து பெருங்குடலை எட்டியிருந்தால் பெரும்பாலும் வெட்டாமலே தெளியும். பேதி மருந்தும் விளக்கெண்ணெயும் இந்த நேரத்தில் கொடுக்கவே கூடாது. அடைத்த இடத்துக்கு மேலே குடல் இன்னும் ஊதி வெடிக்கலாம்.