நழுவுவது எது: மூன்று பழைய அமெரிக்க டாப் லோடு வாஷிங் மெஷின்கள்

தண்ணீர் வடிந்ததும், ஈரத்துணியோடு அசையாமல் கிடக்கும் தொட்டியை மோட்டார் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். எடுத்த எடுப்பில் அந்த வேகம் வராது. ஏதாவது ஒரு பாகம் நழுவிக்கொடுத்தாக வேண்டும். எதை நழுவவிடுவது என்பதில்தான் இந்த மெஷின்கள் வேறுபடுகின்றன.

1980களின் நடுப்பகுதி வரை வந்த விர்ல்பூலிலும், சியர்ஸ் என்ற கடைத்தொடருக்காக அதே நிறுவனம் செய்த கென்மோரிலும் நழுவுவது தொட்டிக்கு அடியிலுள்ள கிளட்ச் தட்டு. மோட்டார் ஒரே திசையில் ஓடும். துவைப்பதா பிழிவதா என்பதைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸ் மேல் ஓயாமல் ஆடும் 'விக்வாக்'. அதில் இரண்டு சாலினாய்டுகள், அதாவது மின்சாரம் வந்தால் இழுக்கும் காந்தச் சுருள்கள். கூடவே ஆடும் வயர் நாளடைவில் உறைக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துவைக்கிறது, பிழியவில்லை என்றால் மல்டிமீட்டரை முதலில் அந்த வயரில் வையுங்கள். பெல்ட் மாற்றுவது பெரும்பாடு: மெஷினைப் படுக்கவைத்து மோட்டார், பம்ப் இரண்டையும் தளர்த்த வேண்டும்.

மேடேக் நிறுவனம் பெல்ட்டையே நழுவவிட்டது. மோட்டார் உருளைகள் மேல், ஸ்பிரிங் இழுவையில் நிற்கிறது. சுமை கூடினால் நகர்ந்து பெல்ட்டைத் தளர்த்தும். திசை மாறி ஓடினால் பிழியும். விக்வாக்கே தேவையில்லை. ஹார்டுவேர் கடையின் சாதாரண வி பெல்ட்டை இதில் போடாதீர்கள்; அது இறுகப் பிடித்து மோட்டாரைத் திணறவைக்கும். இதன் எமன் நடுத்தண்டின் சீல். அது கசிந்தால் தண்ணீர் பேரிங்கில் இறங்கித் துருவேறும். சத்தம் கேட்கும் நேரத்தில் காரியம் கைமீறியிருக்கும். தொட்டி நட்டைக் கழற்றவே தனி ஸ்பேனர் வேண்டும். ஆனாலும் நெடுநாள் வைத்துக்கொள்ள இதுதான் என் தேர்வு.

1980களின் தொடக்கத்தில் விர்ல்பூல் கொண்டுவந்த டைரக்ட் டிரைவில் பெல்ட்டே இல்லை. மோட்டாரின் ஒரு முனையில் பம்ப், மறுமுனையில் கியர்பாக்ஸ். மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கப்ளிங்: இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளுக்கு இடையில் ஒரு ரப்பர். பிழியும்போது நழுவுவதற்குத் தனி கிளட்ச் உண்டு. மீறிச் சுமை ஏற்றினால் கப்ளிங் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். பிளாஸ்டிக்தானே என்று இளப்பமாகப் பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீரும் வடிகிறது, ஆனால் துவைக்கவும் இல்லை, பிழியவும் இல்லை என்றால் கப்ளிங் போய்விட்டது. பிளக்கைப் பிடுங்குங்கள். குமிழ்கள் உள்ள மேல்பலகையின் இரண்டு திருகுகளைக் கழற்றி, மூடி சுவிட்சின் இணைப்பை எடுத்து, இரண்டு கிளிப்புகளை நெம்பினால் வெளிப்பெட்டி மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து வந்துவிடும். பம்ப்பைக் கழற்றியபின் மோட்டாரின் இரண்டு திருகுகள், இரண்டு கிளிப்புகள். கடைசிக் கிளிப்பை எடுக்கும்போது ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளுங்கள், நல்ல கனம்.