வரியா, ஆஸ்பத்திரியா, வாய்க்குள் ஒரு டார்ச் வெளிச்சமா?

தேர்தல் வந்தால் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் உள்ள எங்கள் பக்கத்துக்கு இரண்டு வாக்குறுதிகள் தவறாமல் வரும்: சம்பளம், ஆஸ்பத்திரி. புற்றுநோய் பற்றி யாராவது வாய் திறந்தாலும் ‘இங்கேயே ஒரு புற்றுநோய்ப் பிரிவு கொண்டுவருவோம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மலையகத்துக்கென்று சுகாதாரக் கொள்கை எழுத உட்கார்ந்தால் மூன்று வழிகளைப் பார்த்தாக வேண்டும். புகையிலைக்கு வரியும் தடையும், பெரிய ஆஸ்பத்திரி, தோட்டத்துக்குள்ளேயே பரிசோதனை. மூன்றும் வேண்டியவைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் காசு வராது.

வாய்ப்புற்றுநோயை வைத்தே பார்ப்போம். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது அதுதான். அதற்குக் காரணமாகும் வெற்றிலையைத் தோட்டத்தில் பெண்களும் போடுகிறார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும்போதே மடியில் வெற்றிலைப் பை இருக்கும். மழையில் நனைந்துகொண்டு தேயிலை நிரையில் நிற்கும்போது குளிரையும் பசியையும் மறக்கடிப்பது அந்த ஒரு வாய்தான். இதை ‘கெட்ட பழக்கம்’ என்று மட்டும் சொல்பவர்கள் ஒரு நாள் மலையில் நின்று பார்க்க வேண்டும். பொயிலை இல்லாமல் வெறும் பாக்குத்தான் போடுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொள்பவர்களும் உண்டு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, முதல் வழி. இலங்கை இதில் நிறையவே செய்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபை வந்தது. சிகரெட் பெட்டியின் 80 வீதத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை மூட வேண்டும் என்பது 2015இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சிகரெட் கம்பனி நீதிமன்றம் வரை போய் எதிர்த்துப் பார்த்தது. 2016இல் சிகரெட் வரி கூடியது, புகையிலை கலந்த மெல்லும் கலவைகளும் தடை செய்யப்பட்டன. இதெல்லாம் உண்மையான சாதனை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்து வெற்றிலை பெட்டியில் வருவதில்லை. கடையில் பொயிலைத் துண்டு தனி, பாக்கு தனி, சுண்ணாம்பு தனி. வீட்டில் வைத்து மடித்துக்கொள்கிறார்கள். வரி போட அங்கே முத்திரை இல்லை, எச்சரிக்கைப் படம் ஒட்ட அட்டையும் இல்லை. சிகரெட்டில் வென்ற ஆயுதம் வெற்றிலைப் பையை எட்டவில்லை.

இரண்டாவது வழி, ஆஸ்பத்திரி. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே மாதம் மோடி வந்து திறந்துவைத்தார். அன்று நோர்வூட்டில் கூடிய கூட்டத்தை யாரும் மறக்க மாட்டார்கள். கட்டிடம் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டில் பெயர் பதியும். அரசியல்வாதிக்கு அது பிடிப்பதில் ஆச்சரியமில்லை. மக்களுக்கும் அது தேவை. ஹட்டனில் இருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மஹரகமைக்கோ போக வேண்டிய குடும்பத்தைக் கேட்டால் தெரியும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் எடுக்கலாம். கூட ஒருவர் தங்க வேண்டும். அந்த நாட்களுக்கு இரண்டு பேருக்கும் சம்பளம் இல்லை. அதனால் கிட்டத்தில் சிகிச்சை வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் ஆஸ்பத்திரி எவ்வளவு கிட்ட வந்தாலும், நோயாளி பிந்திப் போனால் அது செய்யக்கூடியது குறைவு.

என் பெரியம்மா அப்படித்தான் பிந்திப் போனார். முதலில் சம்பல் எரிந்தது. ‘கொச்சிக்காய் கூடிப்போச்சு’ என்று மகளை ஏசினார். அப்புறம் ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்டார். வாய் முழுதாகத் திறக்கவில்லை, மூன்று விரலைச் சேர்த்து உள்ளே வைக்க முடியாது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு. எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் நடந்தது. அது என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சிங்களத்தில் எழுதிக் கொடுத்த துண்டை வாசித்துச் சொல்ல ஆள் தேடியே பாதி நாள் போனது. எரிச்சல் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்த ஒன்றரை வருடத்தைப் பிடிப்பதுதான் மூன்றாவது வழி. வாய்ப்புற்றுநோயில் ஒரு வசதி உண்டு. அது பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும், அதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், இறுகிப்போகும் கன்னம். இவற்றைப் பார்க்க ஸ்கேன் வேண்டாம். டார்ச், நாக்கை அமத்த ஒரு தட்டைக் குச்சி, பழகிய கண் போதும். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடம் வாய்ப்புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்திருந்தது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ஆக, எல்லோர் வாயையும் பார்க்க வேண்டியதில்லை. வெற்றிலைப் பை வைத்திருப்பவர்களைப் பார்த்தால் போதும், தோட்டத்தில் அவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

இலங்கைக்கும் இது புதிதில்லை. 1980களின் தொடக்கத்திலேயே இங்கே ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கி வாய் பார்க்க வைத்தார்கள். அவர்களால் திட்டுகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் ‘பெரிய டாக்டரிடம் போங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் போகவில்லை. இந்த வழியின் உண்மையான பலவீனம் இதுதான். தோட்டத்தில் அது இன்னும் மோசமாகும், ஏனென்றால் போகிற நாளுக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். நாட்சம்பளத்தை வைத்து வீடு ஓட்டுகிறவர், வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டுக்காக ஒரு நாளை இழக்க மாட்டார்.

பெண் பிள்ளைகளுக்கான எச்பிவி தடுப்பூசியைப் பாருங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான அந்த ஊசி 2017இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே வந்து போடுகிறார்கள். தாய்க்குச் சம்பள நட்டம் இல்லை. அதே நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க அந்தத் தாய் 35 வயதில் செய்ய வேண்டிய பாப் பரிசோதனைக்கு, பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இருக்கிறது, ஆனால் அதற்கு அவர் மலையை விட்டுப் போக வேண்டும். ஒன்று ஆளைத் தேடி வருகிறது, மற்றதை ஆள் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வாய் பார்ப்பது யார் வேலை? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. தோட்டத்து மருத்துவத்தை அரசு முழுதாகப் பொறுப்பேற்பது பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அது முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் எந்தக் கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை. பேராதனையில் பல் மருத்துவ பீடம் இருக்கிறது, பழக்கிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத்து டாக்டர் ஐயாவும் மருத்துவிச்சியும் கற்றுக்கொள்ளலாம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில், மடுவம் என்ற கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போட்டால் இடம் போதும்.

இந்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஆஸ்பத்திரி பற்றி நான் முதலில் கேட்கப்போவதில்லை. திட்டு இருக்கிறது என்று அனுப்பப்படும் ஆளுக்கு அன்றைக்குப் பேர் போடச் சொல்லிச் சட்டம் கொண்டுவருவீர்களா, பஸ் காசு யார் தருவது, அங்கே தமிழில் பேச ஆள் இருப்பாரா? இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறேன்.