பக்கவாதத்துக்குப் பின் ரீஹேப் சென்டர்: சேர்க்கும் முன் ராத்திரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஐசியூ, வார்டு எல்லாம் தாண்டி டிஸ்சார்ஜ் என்று சொன்னபோது மூக்கில் சாப்பாடு போக ரைல்ஸ் டியூப், யூரின் டியூப். உட்கார வைத்தால் இடப்பக்கம் சாய்ந்துவிடுவார். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு மூட்டுவலி. சென்னைப் புறநகரில் ஒரு ரீஹேப் சென்டரில் சேர்த்தோம், பல மாதம் அங்கேயே இருந்தார். இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பக்கத்து ரூம்காரர்கள் இதற்கு முன் வேறு இடங்களில் பட்டதைக் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிசியோ உண்மையிலேயே நன்றாக இருந்தது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக வரும், அந்த நேரத்தை வீணாக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். இவர்கள் வீணாக்கவில்லை. முதலில் கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்காரப் பழக்கினார்கள். பிறகு டில்ட் டேபிளில் கட்டி மெல்ல மெல்ல நிமிர்த்தினார்கள், அதற்கப்புறம் பேரலல் பாரில் நிற்க வைத்தார்கள். பாதம் தொங்கிப்போகாமல் இருக்க, கணுக்காலைத் தாங்கும் ஏஎஃப்ஓ ஸ்பிளின்ட் போட்டார்கள். ஒருநாள் அட்டெண்டர் தம்பி அப்பாவை இடது கையைப் பிடித்துத் தூக்கப்போக, பிசியோ அம்மா தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். செயலிழந்த கையில் தோள்மூட்டைப் பிடித்து வைக்கத் தசைக்குத் தெம்பு இருக்காது. இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாதாம். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் எங்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பாடம்தான்.

பார்தெல் (Barthel) ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, பாத்ரூம் போவது, நடப்பது, படி ஏறுவது என்று பத்து விஷயங்களுக்கு மார்க் போட்டு நூற்றுக்குக் கூட்டுவார்கள். 1965-லிருந்து புழக்கத்தில் உள்ள முறை. 'நல்லா இம்ப்ரூவ் ஆகுறார் சார்' என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார்கள். அதோடு விடாமல் 'ஸ்கோர் என்ன?' என்று கேளுங்கள். போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கேட்கிற குடும்பத்துக்குத்தான் சொல்கிறார்கள்.

இனி ராத்திரிக் கதை. சேர்ப்பதற்கு முன் சுற்றிக் காட்டுவது எல்லா இடத்திலும் பகல் பதினொரு மணிக்குத்தான். ஜிம் பளபளவென்று இருக்கும், சிஸ்டர்கள் வரிசையாக நிற்பார்கள், தாத்தா பாட்டிகளுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டிருக்கும். பிசியோ நடப்பது ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் ஆள் படுக்கையில்தான். ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியதும் ஒரு தளத்துக்கே ஒரு சிஸ்டரும் இரண்டு அட்டெண்டரும்தான் இருப்பார்கள்.

அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் இதை விடக்கூடாது. அதற்கு ஒரு சார்ட் கட்டில் காலில் தொங்கும்: நேரம், எந்தப் பக்கம், கையெழுத்து. ஒருநாள் ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு நான் போனபோது அந்தச் சார்ட்டில் நடுராத்திரி 12 மணி, விடிகாலை 2 மணி, 4 மணி, 6 மணி எல்லாவற்றுக்கும் கையெழுத்து போட்டாகிவிட்டது. வலது, முதுகு, இடது, வலது என்று அழகாக எழுதியும் இருந்தது. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வாரமே முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கவில்லை. அப்படி வெளுக்காத சிவப்புதான் படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். தோல் கிழிந்த பிறகு பார்த்தால் ஆற மாதக்கணக்காகும்.

நர்சிங் இன்சார்ஜிடம் படத்தைக் காட்டினேன். கத்தவில்லை. அந்த அம்மாவும் மழுப்பவில்லை, 'ஆள் பத்தலை சார்' என்று நேரடியாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் ரூமுக்கு மட்டும் ஒழுங்காக நடந்தது. பக்கத்து ரூமில் ஒரு பாட்டி. மகள் கலிபோர்னியாவில். தினமும் வீடியோ காலில் தலைவாரின முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பாட்டியின் குதிகாலில் புண் வந்து, டிரஸ்ஸிங் சார்ஜ் பில்லில் ஏறியபோதுதான் மகளுக்கே விஷயம் தெரிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாரத்துக்கு ஒருமுறை முகத்தை விட்டுவிட்டு முதுகையும் குதிகாலையும் காட்டச் சொல்லுங்கள்.

அட்டெண்டர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பாதிப்பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், மணிப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். சென்டருக்கு நாங்கள் கட்டும் காசில் அவர்கள் கைக்குப் போவது சொற்பம். தமிழ் கற்றுக்கொள்வதற்குள் வேறு இடம் போய்விடுவார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அப்பாவுக்கு எந்தப் பக்கம் பலவீனம் என்று நாங்களே முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் அம்மா பிளாஸ்டரில் 'இடது கையை இழுக்காதே' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் இன்னும் மோசம். தீபாவளி வாரம் பிசியோவே பாதிதான் நடந்தது, பில் முழுசாக வந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டு ஆள் கூட இருப்பது நல்லது. பக்கவாதத்தில் விழுங்கும் திறன் கெடும். தண்ணீர் மாதிரி நீர்த்தது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். ஸ்பீச் தெரபிஸ்ட் சோதித்துப் பார்த்துதான் எங்களுக்கு டியூபை எடுத்தார்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை லேசாகக் குனியவைத்து, கெட்டியாக, கரண்டி கரண்டியாகத் தர வேண்டும். முடிந்த பிறகு அரைமணி நேரமாவது சாய்க்கக்கூடாது. எட்டுப் பேருக்கு ஊட்ட ஓர் ஆயாம்மா என்றால் இது நடக்காது. அவசரத்தில் அரைச்சாய்வில் இட்லியைத் திணிப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது வீட்டு ஆள் போய்விடுங்கள்.

காசு. சொன்ன பேக்கேஜ் ஒன்று, வந்த பில் வேறு. கிளவுஸ், டயப்பர், சிரிஞ்ச், டாக்டர் ரவுண்ட்ஸ் எல்லாம் தனி. டயப்பரை வெளியில் வாங்கித் தரலாமா என்று சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். நம் நாட்டு ஹெல்த் பாலிசிகளில் ஓய்வுச் சிகிச்சை, ரீஹேப், தற்காலிகப் பராமரிப்பு இவற்றை விலக்கும் பொது விதி ஒன்று இருக்கிறது, பாலிசிப் புத்தகத்தில் 'எக்ஸ்க்ளூஷன் 05' என்று அச்சிட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் செலவு என்ற தலைப்பில், டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டும் பிசியோ சீட்டும் இருந்தால் கொஞ்சம் தேறும். ரூம் வாடகையும் அட்டெண்டர் சார்ஜும் தேறாது. எங்களுக்கு மருந்துக் காசு மட்டும் வந்தது.

அவ்வளவு காசு கட்ட முடியாதவர்களுக்கு வேறு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் பாகாயம் ரீஹேப் 1966-ல் தொடங்கியது. தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர். எதிர் ரூமில் இருந்த கிருஷ்ணகிரிக்காரர், பைக் விபத்தில் அடிபட்ட மகனை இரண்டே மாதத்தில் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். இப்போது தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். தினமும் இல்லை, ஆனால் வந்துபோகும் இடைவெளியில் என்ன செய்ய வேண்டும் என்று பையனின் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பையன் வாக்கர் பிடித்து நடக்கிறான் என்று போனில் சொன்னார்.

என் கணக்கில், பிசியோவுக்காக முதல் இரண்டு மூன்று மாதம் இப்படி ஓர் இடத்தில் வைக்கலாம். கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டு. ஸ்கோர் ஏறுவது நின்ற பிறகும் 'இன்னும் ஒரு மாசம் பாக்கலாம் சார்' என்றால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதுதான் சரி. நாங்கள் அதே தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு மாறினோம். பகலுக்கு ஓர் அட்டெண்டர் வைத்தோம், ராத்திரி நானும் தம்பியும் மாறி மாறி அலாரம் வைத்துப் புரட்டுகிறோம். முதுகுச் சிவப்பு போய்விட்டது. அப்பா ஸ்டிக் ஊன்றி ஹால் வரை வருகிறார், இடது கை மட்டும் இன்னும் வரவில்லை.

கட்டின அட்வான்ஸின் மீதியில் பாதி வந்துவிட்டது. மறுபாதிக்கு அக்கவுண்ட்ஸில் கேட்டால் அடுத்த திங்கட்கிழமை என்கிறார்கள். எந்தத் திங்கட்கிழமை என்றுதான் சொல்வதில்லை.