கரிசலில் தொடங்கிக் கடலில் முடிந்த வாசிப்பு: இந்த ஆண்டின் என் பரிந்துரைகள்

ஆண்டிறுதியில் தீவிர வாசகர்கள் வெளியிடும் பரிந்துரைப் பட்டியல்களில் பெரும்பாலும் அந்தந்த ஆண்டு வெளிவந்த நூல்களே இடம்பிடிக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சியை முன்னிட்டு டிசம்பரில் அச்சாகும் நூல்களில் சில, யாரும் முழுதாகப் படித்து முடிப்பதற்கு முன்பே பட்டியலில் ஏறிவிடுவதும் உண்டு. இம்முறை நான் ஆண்டுக்கணக்கை விட்டுவிட்டு, நிலத்தை வைத்து நூல்களைத் தேர்ந்தெடுத்தேன். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தச் சாலையின் இருபுறமும் உள்ள கரிசல் நிலத்தையும், அது சென்று முடியும் கடற்கரையையும், அருகிலுள்ள திருநெல்வேலியையும் களமாகக் கொண்ட நூல்களை மட்டும், சிலவற்றை முதன்முறையாகவும் சிலவற்றை மறுவாசிப்பாகவும் தொடர்ந்து படித்தேன். ஒரே நிலத்தைப் பல கைகள் எழுதியிருக்கும்போது ஒரு நூல் பேசாமல் விட்டதை இன்னொரு நூல் பேசுகிறது. தனியாகப் படித்தபோது கண்ணில் படாத குறைகளும் அப்போதுதான் தெரியவருகின்றன. அந்த வகையில் நான் பிறருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியவற்றையும் தயக்கத்துடன் பரிந்துரைப்பவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம் இடைசெவலில்தான் அமைய வேண்டும். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சில நாள் இடைவெளியில், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தனர், இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். அழகிரிசாமிக்கு அவ்விருது, 1970இல் அவர் மறைந்த பின்னரே வந்தது. விருது பெற்ற தொகுப்புக்குப் பெயர் தந்த ‘அன்பளிப்பு’ என்ற சிறுகதையைப் புத்தகப் பித்துள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தரும் ஒருவன், தனக்கு ஒன்றும் கிடைக்காத சாரங்கன் என்ற சிறுவனின் வற்புறுத்தலுக்கு இணங்கி அவன் வீட்டுக்குப் போகிறான். உபசாரம் முடிந்ததும் அச்சிறுவன், தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஒரு டைரியை எடுத்து நீட்டி, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். கதை இவ்வளவுதான். சிறுவனின் முகத்தையோ எழுதுபவனின் மனத்தையோ விவரித்துப் புலம்ப அழகிரிசாமி ஒரு வரிகூடச் செலவிடுவதில்லை. கொடுப்பவர் அறியாமலே செய்யும் புறக்கணிப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையான கதையை நான் தமிழில் படித்ததில்லை. தீபாவளிக்கு முந்திய நாள் அடைக்கலம் தேடி வரும் ஓர் அநாதைச் சிறுவனை வைத்து எழுதப்பட்ட ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையையும் இதனுடன் சேர்த்தே படித்துவிடலாம். நாவல்களின் பக்க எண்ணிக்கையைக் கண்டு மலைப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் நான் முதலில் கொடுப்பது அழகிரிசாமியின் சிறுகதைகளைத்தான்.

கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வெளிவந்தது. ஆந்திரத்திலிருந்து தெற்கே பெயர்ந்து வந்த ஒரு கூட்டம் காட்டை அழித்து ஊர் அமைத்த கதையை, நூறு வயதைத் தாண்டிய பூட்டி மங்கத்தாயாரு அம்மாளின் வாய்மொழியாகச் சொல்லும் நாவல் இது. நீரில் அமுக்கிக் கொல்லப்படும் கர்ப்பிணிப் பெண், உயிர் போகும் வேளையிலும் திருடனின் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொண்டு விடாத அந்தக் காட்சி, நூலைப் படித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் நினைவிருக்கும். மறுவாசிப்பில் என்னைக் கவர்ந்தது கதைசொல்லும் நிதானம். எங்கே கிளைபிரிந்து போகலாம், எப்போது திரும்பி வரவேண்டும் என்பது திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்பவர்களுக்குத் தெரியும். அச்சில் அதைச் சாதித்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும், குடியேறியவர்களின் கண்வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கும் இந்த நாவலில், அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதை இம்முறை கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த இடைவெளிக்குள் நேராக நுழைகிறது சோ. தர்மனின் ‘சூல்’. 2016இல் வெளிவந்து, 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இந்த நாவலே இவ்வாண்டு நான் படித்தவற்றுள் என்னை மிகவும் ஆட்கொண்டது. இதில் கதாநாயகன் என்று எவரையும் சுட்ட இயலாது. உருளைக்குடி என்னும் ஊரின் கண்மாய்தான் நாவலின் மையம். எட்டயபுரம் சமஸ்தானத்தின் காலத்தில், மழைக்கு முன்பாக ஊரே திரண்டு கண்மாயைத் தூர்வாருவதும், வெட்டியெடுத்த கரம்பை மண்ணை வண்டிகளில் ஏற்றி அவரவர் புஞ்சையில் கொண்டுபோய்க் கொட்டுவதும், கரையைப் பலப்படுத்துவதும் கதையின் பின்னணியாக இல்லாமல் கதையாகவே நிகழ்கின்றன. கண்மாய் ஆழப்படுகிறது, நிலத்துக்கு உரம் கிடைக்கிறது, இரண்டுக்கும் அரசாங்கத்தின் கஜானாவிலிருந்து பெரிதாகச் செலவில்லை என்ற, ஊராரே நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்தின் கணக்கை எந்தப் பொதுப்பணித் துறை அறிக்கையைக் காட்டிலும் தெளிவாக இந்த நாவல் விளக்கிவிடுகிறது. மடையைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிக்கும் நீர்ப்பாய்ச்சியின் பொறுப்பை அது சொல்லும் விதத்தில், ஒரு ஊரின் நீதி மடைவாயில் எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பது புரிகிறது. பயிருக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் அப்பால், மீனுக்கும் பறவைக்கும் கரையோர மரத்துக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு உண்டு என்று எண்ணிய மக்களைத் தர்மன் எந்த மிகையும் இல்லாமல் எழுதுகிறார். சிறு தெய்வங்கள் பிறக்கும் கதைகள் வரும் பகுதிகள் நாவலின் உச்சம்.

குறை இல்லாமலும் இல்லை. விடுதலைக்குப் பின் கண்மாய் அரசின் கைக்குப் போய், ஏலமும் கட்சியும் ஊருக்குள் வந்து, நீர்நிலை சீரழிவதைச் சொல்லும் பகுதியில் நாவலாசிரியரின் கோபம் கதைமாந்தரின் வாய்வழியாகச் சொற்பொழிவாக இறங்கிவிடுகிறது. முன்பு எல்லாம் நன்றாக இருந்தது, பின்பு எல்லாம் கெட்டது என்ற கோடு சற்று அழுத்தமாகவே கிழிக்கப்பட்டிருக்கிறது. சமஸ்தானக் காலத்தில் அதே ஊரில் யாருக்கு நிலம் இருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்டிருக்கலாம். ஆனால் கண்மாயைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர் எழுதிய நாவல் தமிழில் வேறு இல்லை என்பதால், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து நகரத்தில் வாழும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த நூலின் பெயரைத்தான்.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த சிறிய நாவல். 2019இல் வெளிவந்த ‘அசுரன்’ திரைப்படத்துக்கு இதுவே அடிப்படை என்பதால் புதிய வாசகர்கள் பலர் இதைத் தேடிப் படிக்கிறார்கள். படத்தின் ஆவேசத்தை எதிர்பார்த்துத் திறப்பவர்களுக்கு நாவலின் அடங்கிய குரல் வியப்பளிக்கும். அண்ணனைக் கொன்ற நிலக்கிழாரின் கையை மட்டும் வெட்டிவிடும் நோக்கத்துடன் போன பதினைந்து வயதுச் சிறுவன், ஆள் செத்துவிட்டதால் தந்தையுடன் காட்டுக்குள் ஓடி மறைகிறான். அவர்கள் தலைமறைவாகத் திரியும் சில நாட்களே நாவல். கொலை முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தக் கிழங்கைச் சுடலாம், எந்தப் பாறை மறைவில் படுத்தால் மழை நனைக்காது என்பதாகவே கதை நகர்கிறது. சோறு பொங்குவதற்கு நடுவே தந்தையும் மகனும் பேசிக்கொள்ளும் சில சொற்களில் அந்தக் குடும்பம் இழந்ததெல்லாம் வந்துவிடுகிறது. அறிவுரையோ முழக்கமோ இல்லாத இந்த நாவலை ஒரே அமர்வில் படித்துவிட முடியும், படிக்கவும் வேண்டும். அதே பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது; 1895இன் கழுகுமலைக் கலவரமும் 1899இன் சிவகாசிக் கலவரமும் அதன் பரப்புக்குள் வருகின்றன. 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நூலின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. என்றாலும் அதன் கதைமாந்தர்களையும் தலைமுறைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தனியாகக் குறிப்பேடு தேவைப்படும் என்பதால், இந்த நிலத்தின் எழுத்து முன்பே பழக்கமானவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைக்கிறேன்.

புனைவுகளுக்கு நடுவில் ஓர் ஆய்வு நூலை வைத்துப் படித்தது இந்த ஆண்டின் நல்ல முடிவுகளில் ஒன்று. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட முனைந்ததை ஒட்டி, 1908 மார்ச் 12 அன்று வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதாகிறார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்படுகின்றன, மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறுகிறார்கள், அரசு அலுவலகங்கள் தாக்கப்படுகின்றன, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழக்கிறார்கள். பள்ளிப் பாடநூலில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் இந்த நிகழ்வை, அன்று தெருவில் இறங்கியவர்கள் யார், அவர்கள்மீது அரசு என்னென்ன நடவடிக்கை எடுத்தது என்று ஆவணங்களின் துணையுடன் அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்கிறார் ஆசிரியர். தலைவர்களின் பெயரால் மட்டுமே நாம் அறிந்துவைத்திருக்கும் ஒரு போராட்டத்தில் கடைக்காரரும் தொழிலாளியும் மாணவரும் தங்கள் ஊர், தொழில் முதலிய அடையாளங்களுடன் தலைகாட்டும்போது, சுதேசிக் கப்பல் என்பது ஒரு தனிமனிதரின் கனவாக மட்டும் இருந்ததில்லை என்பது விளங்குகிறது. 1984லேயே வ.உ.சி.யின் கடிதங்களைப் பதிப்பித்தவர் எழுதிய நூல் என்பதால், தகவல்களின் மீது நம்பிக்கை வைத்துப் படிக்கலாம். அடிக்குறிப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உரைநடை அவ்வளவு தெளிவானது. எனக்கிருந்த ஒரே மனக்குறை, திருநெல்வேலி ஊரின் தெருக்களை நேரில் அறியாத வாசகர் அன்றைய நிகழ்வுகளை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொள்ளச் சற்றுச் சிரமப்படுவார் என்பதே.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி எந்தத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டதோ, அதே தூத்துக்குடியில் 1914இல் தொடங்கி 2000 வரை நீள்கிறது ஜோ டி குருஸின் ‘கொற்கை’. பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகள், அவற்றின் உடைமையாளர்கள், அவற்றைச் செலுத்திய தண்டல்கள், முத்துக்குளித்தவர்கள், திருச்சபை, புதிதாக உயர்ந்த வணிகர்கள் என்று பரதவர் சமூகத்தின் ஒரு நூற்றாண்டு இதில் இருக்கிறது. வேங்கடாசலபதியின் நூலை முடித்த கையோடு இதைத் திறந்தால், 1908இல் தோற்கடிக்கப்பட்ட ஒரு முயற்சிக்குப் பின் அதே கடலில் சிறு தோணிக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு விடை கிடைக்கிறது. ஆனால் மாந்தர்கள் வரிசையாக வந்து இரண்டு அத்தியாயங்களில் மறைந்துவிடுவதால் யாரிடமும் நாம் நெடுநேரம் தங்க முடிவதில்லை. 2013இல் விருது பெற்ற நூல் என்பதற்காக மட்டும் இதை முதலில் வாங்குபவர்கள் பாதியில் நிறுத்திவிட வாய்ப்புண்டு. அவருடைய முதல் நாவலான ‘ஆழி சூழ் உலகு’ கட்டமைப்பில் இதைவிடத் திறமையானது. கடலில் தத்தளிக்கும் மூவரின் நிலையை இடையிடையே காட்டிக்கொண்டே கரையிலுள்ள மூன்று தலைமுறைகளின் கதையைச் சொல்வதால், ஒவ்வொரு முறையும் அந்த மூவரிடம் திரும்பும் வரை வாசகருக்கு இருப்புக் கொள்வதில்லை. மீனவர் வழக்கு முதல் சில பக்கங்களில் தடுமாற வைக்கும். சத்தமாக வாசித்தால் விரைவில் பிடிபட்டுவிடும்.

இந்தப் பெருநூல்களுக்குப் பிறகு வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலை எடுத்தபோது, மெல்லிய நூல்களுக்கு உரிய மரியாதையை நாம் தருவதில்லை என்றே தோன்றியது. தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள மணப்பாட்டில் நடக்கும் இந்தக் கதையில் குரூஸ் மிக்கேல் தன் நாட்டுப் படகான வல்லத்தை விற்க மறுக்கிறார். ஊரில் இயந்திரப் படகுகளான லாஞ்சுகள் வந்துவிட்டன, ஆசிரியரான மகன் விற்கச் சொல்கிறான், கிழவர் அசைவதில்லை. மகள் பிலோமியின் காதல் கைகூடுவதில்லை. அந்த ஏமாற்றத்தை அவள் யார்மீதும் வன்மமாக மாற்றிக்கொள்வதுமில்லை. ‘கொற்கை’ ஆயிரத்துச் சொச்சம் பக்கங்களில் விவரிக்கும் தொழில் மாற்றத்தை வண்ணநிலவன் ஒரு வல்லத்துக்குள் அடக்கிவிடுகிறார். 1977இல் வெளிவந்த நாவலில் ஒரு வாக்கியம்கூட இன்று பழையதாகத் தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். இவற்றுள் பெரும்பாலானவை தொடர்ந்து மறுபதிப்புக் காண்பவை. ஆயினும் தடித்த நாவல்களை வாங்குமுன், கட்டமைப்பு உறுதியாக உள்ளதா என்று நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆயிரம் பக்க நூல் சாதா அட்டையில் வந்தால் இரண்டாவது வாசிப்புக்குள் தாள்கள் கழன்றுவிடுகின்றன. பணம் செலவழிக்கத் தயங்குபவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பரிசளிப்பதானால் ‘கடல்புரத்தில்’ அல்லது அழகிரிசாமியின் கதைகள். நீண்ட விடுமுறை கிடைத்தால் ‘சூல்’. வரலாற்றில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்களுக்கு 1908ஐப் பற்றிய நூல். ‘அஞ்ஞாடி’யையும் ‘கொற்கை’யையும் மட்டும், இவற்றுள் மூன்றையேனும் முடித்த பிறகு வாங்குங்கள்.