முதல் நாள் கூட்டத்தில் என்ன பெயர் சொல்வது? ஏஏ, ஸ்மார்ட் ரெக்கவரி: ஒரு மதிப்பீடு

குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் சேவைகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ. மற்றொன்று, 1994இல் வந்த ஸ்மார்ட் ரெக்கவரி. இரண்டிலும் கட்டாயக் கட்டணம் இல்லை. நேரிலும் இணையத்திலும் கூட்டம் நடக்கிறது. உள்ளே வருபவரை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், அந்தப் பெயர் அவரை என்ன செய்கிறது என்பதை மட்டும் வைத்து இரண்டையும் எடைபோடுகிறோம்.

ஏஏ கூட்டத்தில் பேசத் தொடங்குபவர் “நான் ஒரு குடிநோயாளி” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். பலர் இதை விதி என்று நினைத்து வாசலிலேயே தயங்குகிறார்கள். இது வழக்கம்தான், விதி இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், வேறு எந்தத் தகுதியும் வேண்டாம் என்கிறது ஏஏயின் மூன்றாவது மரபு, அதாவது அதன் குழுக்கள் பின்பற்றும் கொள்கைகளில் ஒன்று. பெயரை மட்டும் சொல்லலாம், பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். தயக்கம் உள்ளவர் முதலில் திறந்த கூட்டத்துக்குப் போவது நல்லது. அங்கே யாரும் வரலாம், எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த அறிமுகத்துக்கு ஒரு பலம் உண்டு. ‘குடிகாரன்’ என்பது வசவு. ‘குடிநோயாளி’ அந்த வசவிலிருந்து ஆளை வெளியே எடுக்கிறது. “இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு” என்று மனம் பேரம் பேசும்போது, முதல் கிளாஸே தனக்கு ஆகாது என்ற முடிவை அந்த ஒற்றைச் சொல் நினைவூட்டுகிறது. தானே எடுத்துக்கொண்ட பெயர், அறையில் உள்ள எல்லோருக்கும் பொதுவான பெயர். அதனால்தான் அங்கே அது சுடுவதில்லை.

அதே சொல் அறையைவிட்டு வெளியே போனால் கதை வேறு. 2010இல் கெல்லி, வெஸ்டர்ஹாஃப் என்ற ஆய்வாளர்கள் 500க்கும் மேற்பட்ட மனநலத் துறையினரிடம் ஒரே நோயாளியின் விவரத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அவரைப் ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’ என்றும், மீதிப் பேருக்குப் ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’ என்றும் எழுதியிருந்தது. முதல் விவரத்தைப் படித்தவர்கள்தான் அவர்மீது கூடுதலாகப் பழி சுமத்தினார்கள், தண்டிக்கும் வழிகளை ஏற்றார்கள். பயிற்சி பெற்றவர்களையே ஒரு சொல் இப்படிச் சாய்க்கிறது என்றால், வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல் அளவு சார்ந்தது. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 2013இல் வெளியானது. அதில் மதுப் பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அறிகுறிகள் உண்டு: 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 என்றால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. லேசான நிலையில் இருப்பவரிடம் ‘குடிநோயாளி’ என்ற சொல்லை நீட்டினால், “நான் அந்த அளவுக்குப் போகவில்லை” என்று எழுந்து போய்விடுவார். எளிதில் திரும்பக்கூடிய கட்டத்தில் அவரை இழந்துவிடுகிறோம். மறுமுனையிலும் பிசகு இருக்கிறது. குடிக்கும் ஏக்கத்தைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமல் 12 மாதம் கடந்தால் அதை நீடித்த தணிவு என்று அதே கையேடு சொல்கிறது. ‘குடிநோயாளி’ என்ற அடைமொழியோ ஆயுளுக்கும் மாறுவதில்லை.

ஸ்மார்ட் ரெக்கவரி பெயரே வைப்பதில்லை. ‘அடிமை’, ‘நோயாளி’ போன்ற சொற்களைத் தவிர்த்து நடத்தையைப் பேசச் சொல்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். இந்த வாரம் எப்படிப் போனது என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் பேசலாம். ஊக்கத்தைத் தக்கவைப்பது, ஏக்கத்தைச் சமாளிப்பது, எண்ணங்களையும் உணர்வுகளையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கை என்று நான்கு பகுதிகள். தாளில் நான்கு கட்டம் போட்டு, குடிப்பதன் லாபம், நஷ்டம், நிறுத்துவதன் லாபம், நஷ்டம் என எழுதும் பயிற்சி மிகவும் பயனுள்ளது. ஒருமுறை நிரப்பி மடித்து வைத்துவிட்டால் வீண். ஏக்கம் வந்த நாளில் அதே தாளை எடுத்துத் திருத்தி எழுதினால்தான் வேலை செய்யும்.

குறையும் உண்டு. நள்ளிரவில் அழைக்க ஏஏயில் ஸ்பான்சர், அதாவது வழிகாட்டும் மூத்த உறுப்பினர், இருப்பார். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. உறுதியான கோடு ஒன்று தேவைப்படுபவருக்குப் பெயரில்லாத நிலையே பேரம் பேச இடம் கொடுத்துவிடலாம்.

நாள் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஏஏ குழுக்கள் 30 நாள், ஓராண்டு என்று நாணயம் கொடுக்கின்றன. மகிழ்ச்சியான வழக்கம்தான். ஆனால் 200ஆவது நாளில் ஒரு சறுக்கல் வந்தால் கணக்கு முதல் நாளுக்குத் திரும்புகிறது. “எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்” என்று எண்ணியவர் அன்றிரவே முழு பாட்டிலுக்குப் போகிறார். ஒரு கிளாஸைப் பெரும் வீழ்ச்சியாக்குவது இந்த எண்ணமே என்று உளவியலாளர் ஆலன் மார்லட் விளக்கினார். இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம்: கடைசியாகக் குடித்து எத்தனை நாள், கடந்த 90 நாளில் குடிக்காதவை எத்தனை. முதல் கணக்கு சறுக்கினாலும் இரண்டாவதில் 89 நிற்கும்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெதடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகளை எடுப்பவர்கள் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மருந்து எடுப்பவரை மீண்டுவருபவராக ஏற்பார்களா? ‘சுத்தமாக’ இல்லை என்று யாரோ சொன்னதற்காக மருந்தை நிறுத்துவது ஆபத்து. உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மீண்டும் அதே அளவு போதைப்பொருளை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். எந்த உறுப்பினரும் இன்னொருவருக்கு மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏஏயின் சொந்தக் கையேடே சொல்கிறது.

தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் கடும் நடுக்கமும் மனக்குழப்பமும் உயிருக்கே ஆபத்தாகலாம். ‘குடிகாரன்’ என்று ஃபைலில் எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் அளவைக் குறைத்துச் சொல்பவர்கள் ஏராளம். மருத்துவரிடம் எந்தப் பெயரையும் ஏற்க வேண்டியதில்லை. கடைசியாகக் குடித்தது எப்போது, ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கூட்டத்துக்கு அதற்குப் பிறகு போகலாம்.